‘இப்ப பரவாயில்லை’: ஆஸ்துமாவும் இருநூறு ஆண்டு வைத்தியமும்

ஆஸ்துமாக்காரர்களை டாக்டர்களே புகைபிடிக்கச் சொன்ன காலம் ஒன்று உண்டு. அந்த யோசனை ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது நம்ம மதராஸிலிருந்துதான்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராஸில் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டு, அதில் பூச்சி வளர்த்து, சிவப்புச் சாயம் எடுக்கப் பாடுபட்ட மனிதர் என்று சென்னை வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஆஸ்துமா நோயாளிகளை அவர் ஊமத்தை வேரை உலர்த்தி, நறுக்கி, குழாயில் இட்டுப் புகைக்கச் சொன்னார். அது இந்த ஊர் வழக்கம். 1802இல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி அந்தச் சரக்கையும் செய்முறையையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் சிம்ஸ் என்ற டாக்டரிடம் சேர்த்தார். அங்கே தரிசில் முளைக்கும் ஊமத்தை இனத்தையே எடுத்து ஆங்கிலேயர்கள் புகைத்துப் பார்த்தார்கள். மூச்சு விட்டது. அடுத்த நூறு வருஷத்துக்கும் மேலாக ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக் கடைகளில் ஆஸ்துமா சிகரெட்டும் ஆஸ்துமாப் பொடியும் விற்றன. ஆண்டர்சன், ஜென்ட், சிம்ஸ் மூவருக்கும் மருத்துவ வரலாற்றில் இடம் கிடைத்தது. ஊமத்தையைப் புகைக்கக் கற்றுக்கொடுத்த உள்ளூர் வைத்தியருக்கு அந்தக் கதையில் பெயர் இல்லை.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. ஊமத்தையில் அட்ரோபின் வகைப் பொருள்கள் இருக்கின்றன. இறுகிப்போன மூச்சுக்குழாய்த் தசையை அவை தளர்த்தும். அளவு கொஞ்சம் தாண்டினால் சித்தம் கலங்கும், உயிரும் போகும். இன்றைக்கு நம்மூர் ஆஸ்பத்திரிகளில் நெபுலைசரில் ஊற்றுகிறார்களே டுயோலின், அதிலுள்ள இப்ராட்ரோபியம் அட்ரோபினிலிருந்து வந்த மருந்து. சைதாப்பேட்டைக்கும் நெபுலைசருக்கும் நடுவில் ஒரே கோடு போடலாம்.

அந்தக் கோட்டின் வழியே வாசித்துப் போகும்போது ஒரு விஷயம் என்னை விடாமல் தொந்தரவு செய்தது. திணறும் மூச்சைக் கொஞ்ச நேரத்துக்குத் திறந்துவிடும் வழிகள் எப்போதும் சீக்கிரமே கிடைத்திருக்கின்றன. மூச்சு திரும்பிய பிறகு அந்த ஆள் எப்படி வாழ்கிறார் என்று கேட்கத்தான் மருத்துவத்துக்கு ரொம்ப நாள் ஆகியிருக்கிறது.

பெயரில் இருக்கும் சிக்கல்

தமிழில் இந்த நோய்க்கு எத்தனை பெயர்கள்! இழுப்பு, இரைப்பு, ஈளை, மூச்சுமுட்டல். இப்போது வீசிங். எல்லாமே நோய் வந்து ஆட்டும் அந்த நேரத்தின் பெயர்கள். கிரேக்கர்களும் அதையேதான் செய்தார்கள். ஆஸ்துமா என்றால் அவர்கள் மொழியில் மூச்சிரைப்பு.

பெயர் அப்படி அமைந்துவிட்டதால் ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. இழுப்பு நின்றதும் நோயும் நின்றுவிட்டதாக மனசு எடுத்துக்கொள்கிறது. இரண்டு இழுப்புகளுக்கு நடுவே இருக்கும் நாட்களுக்கு நம்மிடம் பெயர் கிடையாது. அந்த நாட்களிலும் மூச்சுக்குழாயின் உள்தோல் சிவந்து வீங்கித்தான் கிடக்கிறது, சளி சுரந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு தூசி, ஒரு சாம்பிராணிப் புகை, ஒரு ஜலதோஷம் போதும், தசை இறுகிவிடும். இந்த அழற்சிதான் நோயின் அஸ்திவாரம் என்பது மருத்துவத்துக்கு உறைத்து சிகிச்சையை மாற்றியது இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய ஆஸ்துமா நிபுணர் ஹென்றி ஹைட் சால்டர். லண்டன்காரர், சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா நோயாளி. 1860இல் இந்த நோயைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் பல காலம் மருத்துவர்களின் கையேடாக இருந்தது. வெறும் வயிற்றில் திக்கான கறுப்புக் காபி குடித்தால் மூச்சு இளகும் என்று அவர் எழுதினார். அதிலும் உண்மை உண்டு. காபியிலுள்ள கஃபைனும் நம் ஊரில் தலைமுறைகளாக ஊசியாகவும் மாத்திரையாகவும் கொடுத்த டெரிஃபிலினும் வேதியியலில் ஒரே குடும்பம்.

ஆனால் சால்டரும் இந்த நோயை நரம்பின் கோளாறு என்றே பார்த்தார். மூச்சுக்குழாய் இசிவெடுக்கிறது, அதை ஏவுவது நரம்பு என்பது அவர் வாதம். உடம்பின் நரம்பைப் பற்றிய அந்தப் பேச்சு பின்னால் வந்தவர்கள் கையில் மெல்ல மெல்ல மனசின் பலவீனம் என்று திரிந்தது.

இலக்கிய வாசகர்களுக்கு இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை, மார்செல் ப்ரூஸ்ட் இருக்கிறார். ஒன்பது வயது வாக்கில் முதல் இழுப்பு. அப்பா அத்ரியான் ப்ரூஸ்ட் பிரான்ஸின் பெயர்பெற்ற பொதுச் சுகாதார மருத்துவர். காலரா பரவாமல் தடுப்பதைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன அவர், நரம்புத் தளர்ச்சிக்காரர்கள் எப்படி வாழவேண்டும் என்று விளக்கும் புத்தகத்தையும் இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார். மகனோ பாரீஸில் ஓஸ்மான் பூல்வார் 102ஆம் எண் வீட்டில், சுவர்களுக்குக் கார்க் அடித்து, ஜன்னலை மூடி, ஊமத்தை கலந்த பொடியைக் கொளுத்திப் புகை பிடித்துக்கொண்டு, பகலில் தூங்கி இரவில் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கார்க் அறையை எழுத்தாளரின் விசித்திரப் பழக்கமாகவே நாம் படித்திருக்கிறோம். ஆஸ்துமாவின் வரலாற்றிலிருந்து பார்த்தால், வெயிலையும் பூவையும் நண்பர்களையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்த ஒருவர் கடைசியில் ஒதுங்கிய இடம் அது. விட்டுக்கொடுத்ததன் கணக்கை எந்த வைத்தியரும் எடுக்கவில்லை.

டென்வரில் ஒரே கூரையின் கீழ்

1950களில் மனோவியல் ஆய்வாளர்கள் ஆஸ்துமாவை மனசிலிருந்து உடம்புக்கு இறங்கும் நோய்களின் பட்டியலில் வைத்திருந்தார்கள். ஃப்ரான்ஸ் அலெக்ஸாண்டர் அந்தப் பார்வையின் பெரிய குரல். தாயோடு உள்ள உறவின் சிக்கல்தான் குழந்தையின் மூச்சைப் பிடிக்கிறது, இழுப்பு என்பது அடக்கிய அழுகை என்ற அளவுக்குப் பேச்சு போனது. மூச்சு திணறும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்த அம்மாக்களிடம், காரணமே நீதான் என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்?

அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் ஆஸ்துமாக் குழந்தைகளுக்கான ஆராய்ச்சி நிலையமும் மருத்துவமனையும் ஒன்று இருந்தது. கடும் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில், அங்கேயே தங்கினார்கள். அங்கே மருத்துவ ஆலோசகராக இருந்த முர்ரே பெஷ்கின், பெற்றோரை அறுத்து எடுப்பது என்று பொருள்படும் ஒரு சொல்லையே இந்தச் சிகிச்சைக்கு உருவாக்கினார். குடலை வெட்டி எடுப்பது போல அம்மா அப்பாவை வெட்டி எடுப்பது!

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 1969இல் வெளியான ஆய்வு ஒன்றில் கென்னத் பர்செல்லும் சகாக்களும் தலைகீழாக யோசித்தார்கள். குழந்தை வீட்டிலேயே இருக்கட்டும், குடும்பம் இரண்டு வாரம் வெளியே போய்த் தங்கட்டும், பார்த்துக்கொள்ள ஓர் அந்நியப் பெண் வரட்டும். மொத்தம் 25 குழந்தைகள். பிரிவால் தேறுவார்கள் என்று முன்பே கணித்திருந்த பிள்ளைகளுக்கு மூச்சு கொஞ்சம் மேம்பட்டது. மற்றவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. மன உளைச்சல் இழுப்பைத் தூண்டும் என்பது நிஜம்தான். நோயின் வேர் அங்கே இல்லை.

வேரில் ஒன்று அதே டென்வர் நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் வெளிப்பட்டது. அங்கே வேலை செய்த ஜப்பானியத் தம்பதி கிமிஷிகே இஷிஸாகாவும் தெருகோ இஷிஸாகாவும். ஒவ்வாமைக்காரர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்ததைத் தங்கள் முதுகுத் தோலிலேயே ஊசி போட்டுச் சோதித்து, 1966இல் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைக் கண்டறிந்தார்கள். ஏறத்தாழ அதே நேரத்தில் ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிஷும் வேறு வழியில் அதையே எட்டினார்கள். 1968இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு முறைப்படி பெயர் வைத்தது. எல்லா ஆஸ்துமாவும் ஒவ்வாமையால் வருவதல்ல. ஆனாலும் பல லட்சம் அம்மாக்களின் தலைமேல் இருந்த பழியை இறக்கிவைக்க ரத்தத்தில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

ஒரு சிறுமியின் கேள்வி

மருந்துப் பக்கம் திருப்பம் வந்தது ஒரு பதிமூன்று வயதுப் பெண்ணால். 1955இல் அமெரிக்காவின் ரைக்கர் ஆய்வகத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சன். அவர் மகள் சூசிக்கு ஆஸ்துமா. ரப்பர் பந்தை அமுக்கி மருந்தைத் தூவும் கண்ணாடிக் கருவியோடு மல்லாடிக்கொண்டிருந்த அவள், முடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி இதையும் ஏன் டப்பாவில் அடைக்கக்கூடாது என்று அப்பாவிடம் கேட்டாள். வாசனைத் திரவியப் புட்டிகளுக்காக உருவான அளவு வால்வை எடுத்து ரைக்கர் ஆட்கள் சோதிக்கத் தொடங்கினார்கள். 1956 மார்ச்சில் இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் நம் சட்டைப்பையில் இருப்பது அடிப்படையில் அதே சாதனம்தான்.

இழுப்பு வந்தால் அழுத்து, மூச்சு வரும். நோயாளியின் கைக்கே வைத்தியம் வந்தது. அதற்கு முன் யாரையாவது எழுப்ப வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும், ஊசி போட ஆள் வேண்டும். சூசியின் கேள்வி கொடுத்த சுதந்திரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்தச் சுதந்திரத்துக்குள்ளேயே ஆபத்தும் இருந்தது. 1960களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆஸ்துமா சாவுகள் திடீரென்று கூடின. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஏழு ஆண்டுகளில் அது ஏறத்தாழ எட்டு மடங்கானது என்று ஸ்பெய்சர், டால், ஹீஃப் மூவரும் 1968இல் எழுதினார்கள். விரல் நீண்டது ஐசோப்ரினலின் இன்ஹேலரை நோக்கி, அதிலும் வழக்கத்தைவிட ஐந்து மடங்கு வீரியத்தோடு வந்த ரகத்தை நோக்கி. அந்த வீரிய ரகம் விற்காத அமெரிக்காவில் சாவு அப்படி ஏறவில்லை. எச்சரிக்கை வந்தது, விற்பனை சரிந்தது, சாவும் இறங்கியது.

பத்தாண்டு கழித்து நியூசிலாந்தில் மறுபடியும் அதே கதை. 1976இல் ஃபெனொடெரால் என்ற இன்ஹேலர் வந்தது, ஆஸ்துமா சாவுகள் ஏறின. வெலிங்டனில் ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், ரிச்சர்ட் பீஸ்லி, கார்ல் பர்ஜஸ் ஆகியோர் அடங்கிய குழு 1989இல் தன் ஆய்வை வெளியிட்டது. மருந்து நிறுவனத்தோடு பெரிய சண்டைக்கு நடுவில்தான் அது வெளியே வந்தது. அந்த மருந்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு சாவுகள் கடகடவென்று குறைந்தன.

மருந்தின் நச்சுத்தன்மை இதில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு மருந்து தரும் நிம்மதி. நாலு தடவை அடித்தும் மூச்சு முழுசாக வராதபோது ஓடவேண்டியது ஆஸ்பத்திரிக்கு. கையில் டப்பா இருக்கிறவர் ஐந்தாவது தடவை அழுத்துகிறார், பிறகு ஆறாவது. தசை தளர்கிறது, அழற்சி உள்ளே வளர்கிறது, நேரம் போய்விடுகிறது.

அழற்சியையே அடக்கும் இன்ஹேலர் 1972இல் வந்தது. பெக்ளோமெதசோன் என்ற ஸ்டீராய்டு, மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டு உடம்பு முழுக்கச் செய்யும் சேதத்தைச் செய்யாமல், சிறு அளவில் நேராக மூச்சுக்குழாய்க்குள் போனது. மருத்துவமாகப் பார்த்தால் இதுதான் பெரிய வெற்றி. மனித சுபாவமாகப் பார்த்தால் ஒரு பிரச்சினை. நிவாரண இன்ஹேலரை அடித்தால் ஐந்து நிமிஷத்தில் உடம்புக்குத் தெரியும். தடுப்பு இன்ஹேலரை அடித்தால் அன்றைக்கு ஒன்றுமே தெரியாது, வாரக்கணக்கில் விடாமல் எடுக்க வேண்டும். பலன் என்பது எதுவும் நடக்காமல் இருப்பது. நடக்காத ஒன்றுக்காக யார் தினமும் காலை மாலை நினைவு வைத்துக்கொள்வார்கள்? அதற்கு மருந்தைத் தவிர வேறொன்றும் தேவைப்பட்டது.

பரவாயில்லை

அந்த வேறொன்று என்ன என்று எனக்கு விளங்கவைத்தது என் அத்தைதான்.

அத்தைக்கு வருஷக்கணக்காக இழுப்பு. படுத்தால் மூச்சு முட்டும் என்று ஈஸி சேரிலேயே தூங்கப் பழகிவிட்டார். ஹோமப் புகை ஒத்துக்கொள்ளாது என்று கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார். மாடி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே குடி வந்தார். தாளிக்கிற நெடி ஆகாது என்று குழம்பைத் தாளிக்காமலே இறக்கினார், வீட்டில் எல்லோரும் அந்த ருசிக்குப் பழகிக்கொண்டோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், எழுதிக்கொண்டே டாக்டர் கேட்பார்: “எப்படிம்மா இருக்கு?”

“இப்ப பரவாயில்லைங்க டாக்டர்.”

அதே மருந்து மறுபடியும் எழுதப்படும். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அத்தை பொய் சொல்லவில்லை. வாழ்க்கையை மூச்சுக்கு ஏற்றபடி அவ்வளவு சின்னதாக மடித்துக்கொண்ட பிறகு, அந்த மடிப்புக்குள் எல்லாம் பரவாயில்லைதான்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் ஜூனிப்பர் இந்தப் ‘பரவாயில்லை’யைத்தான் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார் என்று தோன்றுகிறது. அதுவரை ஆஸ்துமா மேம்பட்டதா என்று சொன்னது ஊதிப் பார்க்கிற கருவியின் எண்தான். மார்ட்டின் ரைட் 1959இல் உச்ச மூச்சுமானியைக் கொடுத்த பிறகு அந்த எண்ணுக்கு மரியாதை கூடியிருந்தது. ஜூனிப்பரும் சகாக்களும் நோயாளிகளையே கேட்டார்கள்: எது உங்களைப் படுத்துகிறது, எவ்வளவு படுத்துகிறது? அவர்கள் சொன்னதிலிருந்து தேர்ந்தெடுத்த 32 கேள்விகளோடு 1992இல் ஆஸ்துமா வாழ்க்கைத்தர வினாப்பட்டியல் வெளியானது. அறிகுறிகள், செய்யமுடியாமல் போன வேலைகள், மனநிலை, சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதி. கடந்த இரண்டு வாரத்தை நினைத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். அதில் எனக்குப் பிடித்தது, ஐந்து வேலைகளை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்பது. ஒருவருக்கு அது ஓட்டம், இன்னொருவருக்குப் பேரனைத் தூக்குவது. என் அத்தைக்குத் தாளிப்பதாக இருந்திருக்கும்.

இந்த மதிப்பெண்ணும் ஊதும் கருவியின் எண்ணும் பல நேரம் ஒத்துப்போகவில்லை. எண் நன்றாக இருக்கிறவர் வாழ்க்கை சுருங்கிக் கிடந்தது, எண் மோசமானவர் சமாளித்துக்கொண்டிருந்தார். நுரையீரல் ஒரு விஷயம், அதோடு வாழ்வது இன்னொரு விஷயம், இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவானது.

நர்ஸ், அட்டை, பக்கத்துத் தெரு மருந்துக்கடை

கேட்டால் மட்டும் போதுமா? கேட்பதை ஒரு நாடே ஏற்பாடாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபின்லாந்து சாட்சி. தாரி ஹாட்டெலா என்ற மருத்துவர் முன்னின்ற தேசிய ஆஸ்துமாத் திட்டம் 1994இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்தது. அந்தத் திட்டத்துக்குப் புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை. ஆரம்பத்திலேயே கண்டுபிடி, அழற்சிக்கான இன்ஹேலரை முதல் நாளிலிருந்து கொடு, எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடு, நிலைமை மோசமானால் என்ன செய்வது என்று நோயாளிக்கே எழுதிக் கொடு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆஸ்துமாவுக்கென்று பொறுப்பான ஒரு டாக்டரும் ஒரு நர்ஸும், மருந்துக்கடையில் விஷயம் தெரிந்த ஓர் ஆளும் இருந்தார்கள். நுரையீரல் நிபுணர்கள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்காமல் இவர்களுக்குப் பாடம் எடுத்தார்கள். 1993இல் ஆஸ்துமாவுக்காக அந்த நாட்டு மக்கள் ஆஸ்பத்திரியில் கழித்த நாட்கள் சுமார் 1,10,000. 2003இல் அது 51,000. இத்தனைக்கும் அந்தப் பத்தாண்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் என்று கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது.

நியூசிலாந்தில் இன்னும் எளிமையான ஒன்று செய்தார்கள். சாவு அதிகம் கண்ட மாவோரி மக்களிடையே, கிரெடிட் கார்டு அளவில் ஓர் அட்டை. ஒரு பக்கம் ஊதும் எண்ணை வைத்து என்ன செய்வது, மறுபக்கம் அறிகுறியை வைத்து என்ன செய்வது. அந்தச் சமூகத்தின் பொதுக்கூடத்திலேயே, அவர்களோடு சேர்ந்தே அதை நடத்தினார்கள். அட்டைக்கு மூச்சு கட்டுப்பட்டது.

நிபுணர் சிகிச்சை என்றதும் நமக்கு விலை உயர்ந்த ஊசிதான் ஞாபகம் வருகிறது. அதற்கும் இடம் உண்டு. டென்வரில் கண்டுபிடித்த அந்த ஐஜிஇயைக் கட்டிப்போடும் ஒமலிசுமாப் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதன்பின் வேறு சிலவும் வந்தன. எந்த இன்ஹேலருக்கும் அடங்காத கடும் ஆஸ்துமாவோடு, மாத்திரை ஸ்டீராய்டில் எலும்பு கரைந்துகொண்டிருந்தவர்களுக்கு அவை மறுபிறவி. ஆனால் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? நெதர்லாந்தில் செய்து 2015இல் வெளியான கணக்கெடுப்பில், உயர் அளவு மருந்திலும் கட்டுப்படாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்களா, சரியான முறையில் இழுக்கிறார்களா என்று சலித்த பிறகு மிஞ்சியவர்கள் நூற்றுக்கு 4 பேர்கூட இல்லை. நல்ல நிபுணர் மையம் முதலில் செய்வது இந்தச் சலிப்பைத்தான். இது ஆஸ்துமாதானா, இன்ஹேலரை எப்படிப் பிடிக்கிறீர்கள், வாங்கக் காசு இருக்கிறதா, வீட்டில் யார் புகைக்கிறார்கள், என்ன வேலை, மூக்கில் தொந்தரவு உண்டா? பாதி வைத்தியம் அந்த உரையாடலிலேயே முடிகிறது.

மருந்து எல்லாம் இருந்தும் அந்த உரையாடல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2014இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 195 ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ பாதியில், தவிர்த்திருக்கக்கூடிய காரணங்கள் இருந்தன. 45 சதவீதம் பேர் உதவி கேட்காமலோ உதவி வந்து சேர்வதற்குள்ளோ இறந்திருந்தார்கள். நிலைமை மோசமானால் என்ன செய்வது என்று எழுதிய தாள் கையில் இருந்தவர்கள் நாலில் ஒருவர்கூட இல்லை. பலர் கடைசி ஒரு வருஷத்தில் பன்னிரண்டுக்கும் மேல் நிவாரண இன்ஹேலர்கள் வாங்கியிருந்தார்கள். மாதம் ஒன்றுக்கு மேல் தீர்ந்துபோகும் டப்பா அபாயச் சங்கு என்று எழுதிக் கொடுத்தவர் கண்ணிலும் படவில்லை, விற்றவர் கண்ணிலும் படவில்லை.

2019இல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் குழு, நிவாரண இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள் என்று அறிவித்தது. இழுப்பு வரும்போது அடிக்கும் மருந்திலேயே அழற்சியை அடக்கும் மருந்தும் கலந்திருக்கட்டும் என்பது இப்போதைய வழி. மனித சுபாவத்தை ஏற்றுக்கொண்டு செய்த சமாதானம் அது.

நம்ம வரிசை

இந்தியாவில் ஆஸ்துமாவோடு வாழ்கிறவர்கள் மூன்று கோடிக்கும் மேல் என்பது மதிப்பீடு. நம் ஊரில் இன்ஹேலர் இன்னும் வெட்கத்துக்குரிய பொருள். “பம்ப் அடிச்சா அதுவே பழக்கமாயிடும்,” “பொண்ணு பாக்க வர்றப்ப எடுத்து உள்ள வெச்சிடு.” அடிமைப்படுத்தும் என்று பயந்து சிறு அளவு மருந்தை ஒதுக்கிவிட்டு, பல மடங்கு அளவை ஊசியாகவும் மாத்திரையாகவும் ஏற்றிக்கொள்கிறோம்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் மிருகசீரிஷம் பிறக்கும்போது ஹைதராபாத்தில் பத்தினி குடும்பத்தார் கொடுக்கும் மீன் மருந்துக்கு ஆயிரக்கணக்கில் வரிசை நிற்கிறது. உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மருந்தை வைத்து அப்படியே விழுங்க வைப்பார்கள். அது ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால் வரிசையில் நிற்பவர்களைக் கேலி செய்ய எனக்கு வரவில்லை. அங்கே ஒரு நாள் குறித்திருக்கிறது. எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். அடுத்த வருஷமும் வா என்கிறார்கள். நோயை நீண்டகால விஷயமாக எடுத்துக்கொண்டு ஒருவர் பேசுகிறார். இரண்டு நிமிஷப் புறநோயாளிச் சீட்டில் இது கிடைக்காதபோது, ஜனங்கள் கிடைக்கும் இடத்துக்குப் போகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடிப்போய் அளந்து மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியது. வாசலில் வந்து நிற்கும் அந்த அக்காவுக்கு நாலே நாலு கேள்வி சொல்லிக் கொடுத்தால் போதும். கடந்த நான்கு வாரத்தில், பகலில் வாரம் இரண்டு தடவைக்கு மேல் இழுப்பு வந்ததா? ஒரு ராத்திரியாவது அதனால் முழிப்பு வந்ததா? வாரம் இரண்டு தடவைக்கு மேல் நிவாரண பம்ப் அடித்தீர்களா? மூச்சுக்காக ஏதாவது வேலையைக் குறைத்துக்கொண்டீர்களா? உலகம் முழுக்க ஆஸ்துமாவின் கட்டுப்பாட்டை அளக்கப் பயன்படும் கேள்விகள் இவை. கருவி வேண்டாம், கரண்டு வேண்டாம்.

கேட்கிற இடம் மூச்சுக்குழாயோடு நின்றுவிடவும் கூடாது. லண்டனில் பரபரப்பான சாலையின் அருகே வாழ்ந்த எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி 2013இல், ஒன்பது வயதில், ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் அம்மா ரோஸமண்ட் விடாமல் போராடி, 2020இல் மறுவிசாரணையில் காற்று மாசும் சாவுக்கு ஒரு காரணம் என்று எழுதவைத்தார். பிரிட்டனில் அப்படி எழுதியது அதுவே முதல் முறை. ஒரு காலத்தில் அம்மாவைக் காரணம் என்றார்கள். இங்கே ஓர் அம்மா, காரணம் தெருவில் இருக்கிறது என்று அரசாங்கத்திடம் எழுதி வாங்கினார்.

உங்கள் வீட்டிலும் தெருவிலும் இழுப்போடு இருக்கிறவர் யாராவது நிச்சயம் இருப்பார். எப்படி இருக்கீங்க என்று கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: “மூச்சுக்காக நீங்க எதையெல்லாம் விட்டுட்டீங்க?” பதில் வரக் கொஞ்ச நேரமாகும். காத்திருங்கள்.